ஒரே ஒரு தவறான முகவரி... நின்றுபோன 85 லட்சம் கம்ப்யூட்டர்கள்! 'பாயிண்டர்' என்றால் என்ன? எந்த புரோகிராமிங் மொழி அதை எப்படிக் கையாள்கிறது?

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. இந்திய நேரப்படி காலை 9.39 மணி. அமெரிக்காவைச் சேர்ந்த சைபர் பாதுகாப்பு நிறுவனமான க்ரவுட்ஸ்ட்ரைக், தன் வாடிக்கையாளர்களின் விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கு ஒரு சின்ன அப்டேட்டை அனுப்பியது. அடுத்த சில நிமிடங்களில் உலகம் முழுவதும் திரைகள் நீல நிறமாக மாறத் தொடங்கின. விமான நிலையங்கள், வங்கிகள், மருத்துவமனைகள், டிவி சேனல்கள் என எல்லா இடத்திலும் ஒரே கதை. இந்தியாவில் இண்டிகோ பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அந்தப் புகைப்படம் வைரலானது உங்களுக்கும் நினைவிருக்கலாம்.

இதைச் செய்தது ஹேக்கரா? இல்லை. வைரஸா? அதுவும் இல்லை. மெமரியில் இல்லாத ஒரு இடத்தைப் போய் படிக்கச் சொன்ன ஒரு தவறான முகவரி. புரோகிராமர்கள் இதை 'பாயிண்டர்' பிரச்னை என்பார்கள்.

பாயிண்டர் என்றால் என்ன? ஆபரேட்டிங் சிஸ்டத்தோடு பேசும்போது சி, ஜாவா, பைத்தான், கோ, ரஸ்ட் மொழிகள் அதை எப்படிக் கையாள்கின்றன? இவ்வளவு ஆண்டுகள் கழித்தும் ஏன் இதே தப்பு திரும்பத் திரும்ப நடக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

*அன்று என்னதான் நடந்தது?*

க்ரவுட்ஸ்ட்ரைக்கின் 'பால்கன்' மென்பொருள் சாதாரண ஆப் போல இயங்குவது கிடையாது. விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் இயங்குகிறது. வைரஸ் வருவதற்கு முன்பே பிடிக்க வேண்டும் என்பதால் இந்த இடம்.

அன்று அனுப்பப்பட்ட கோப்பின் எண் 291. அதில் இருந்த விதிகள் 21 தகவல்களை எதிர்பார்த்தன. ஆனால், ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இருந்த புரோகிராம் 20 தகவல்களுக்கான முகவரிகளைத்தான் கொடுத்தது. 21ஆவது முகவரியை எடுக்கப் போன புரோகிராம், பட்டியல் முடிந்து அதற்கு அப்பால் கிடந்த ஏதோ ஒரு எண்ணை 'முகவரி' என்று நம்பிப் படித்தது. அப்படி ஒரு இடமே இல்லை. அவ்வளவுதான், சிஸ்டம் படுத்துவிட்டது.

முன்பு நடந்த சோதனைகளில் ஏன் மாட்டவில்லை? அப்போதெல்லாம் 21ஆவது இடத்தில் 'எதுவாக இருந்தாலும் சரி' என்ற குறிதான் இருந்தது. அதனால் புரோகிராம் அந்த 21ஆவது தகவலைத் திறந்து பார்க்கவே இல்லை. ஜூலை 19 அன்றுதான் முதல்முறையாகத் திறந்து பார்த்தது.

78 நிமிடங்களில் அப்டேட்டைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால், அதற்குள் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. மொத்த விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் இது 1 சதவீதத்துக்கும் குறைவு. அதுவே உலகத்தை ஸ்தம்பிக்க வைக்கப் போதுமானதாக இருந்தது. அமெரிக்காவின் டெல்டா நிறுவனம் மட்டும் அடுத்த சில நாட்களில் சுமார் 7,000 விமானங்களை ரத்து செய்தது.

*பாயிண்டர் என்றால் என்ன?*

சிம்பிளாகச் சொன்னால், பாயிண்டர் என்பது வீட்டு முகவரி எழுதிய துண்டுச்சீட்டு.

கம்ப்யூட்டரின் மெமரியை நம்பர் போட்ட வீடுகள் வரிசையாக உள்ள ஒரு நீளமான தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தகவல் இருக்கும். உங்கள் போனில் 2 ஜிபி வீடியோ ஓடுகிறது. அதை புரோகிராமின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குத் தர வேண்டும். மொத்தத்தையும் நகல் எடுத்துக் கொடுத்தால் நேரமும் வீண், இடமும் வீண். 'வீடியோ இந்த நம்பர் வீட்டில் இருக்கிறது' என்று முகவரியை மட்டும் கொடுத்தால் போதும். 64 பிட் கருவிகளில் அந்தச் சீட்டின் அளவு வெறும் 8 பைட்.

இந்த வசதிதான் ஆபத்தும். சீட்டில் தப்பு வர 3 வழிகள் உண்டு.

• முகவரியே எழுதாத வெற்றுச் சீட்டு. இதன் பெயர் 'நல் பாயிண்டர்'. 1965இல் இந்த 'நல்' யோசனையைக் கொண்டுவந்த பிரிட்டிஷ் கணினி அறிஞர் டோனி ஹோர், 2009இல் ஒரு மேடையில் அதைத் தன்னுடைய 'பில்லியன் டாலர் தவறு' என்று சொன்னார்.

• வீட்டை இடித்த பிறகும் கையில் வைத்திருக்கும் பழைய சீட்டு. போய்ப் பார்த்தால் அங்கே வேறு யாரோ குடியிருப்பார்கள்.

• 20 வீடுகளே உள்ள தெருவில் 21ஆவது வீட்டைத் தேடிப் போவது. க்ரவுட்ஸ்ட்ரைக் விஷயத்தில் நடந்தது இதுதான்.

*ஆப்புக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் நடுவில் ஒரு எல்லை*

உங்கள் ஆப் தானாக ஒரு கோப்பைத் திறக்க முடியாது, இன்டர்நெட்டில் பேச முடியாது. எல்லாவற்றுக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கெர்னலிடம்தான் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதற்கான வாசல்தான் சிஸ்டம் இன்டர்ஃபேஸ்.

உதாரணத்துக்கு, லினக்ஸில் ஒரு கோப்பைப் படிக்க 'ரீட்' என்று ஓர் அழைப்பு இருக்கிறது. அதற்கு 3 விஷயங்கள் தர வேண்டும். எந்தக் கோப்பு, படித்ததை எந்த முகவரியில் போட வேண்டும், அதிகபட்சம் எத்தனை பைட். நடுவில் இருப்பதுதான் பாயிண்டர்.

இந்த வாசல் சி மொழியின் அச்சில் வார்க்கப்பட்டது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி 1970களின் தொடக்கத்தில் சி மொழியை உருவாக்கினார். 1973இல் யூனிக்ஸ் கெர்னல் சி மொழியில் மாற்றி எழுதப்பட்டது. லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு, விண்டோஸ் என இன்றைய சிஸ்டங்கள் எல்லாமே இந்த வழக்கத்தைப் பின்பற்றுகின்றன. நீங்கள் ஜாவாவில் எழுதினாலும் சரி, பைத்தானில் எழுதினாலும் சரி, கடைசியில் அந்த வாசலில் கொடுக்க வேண்டியது ஒரு முகவரி, அதாவது ஒரு எண்.

இங்கேதான் சிக்கல். 'இது எழுத்து இருக்கும் இடத்தின் முகவரி' என்று சி சொல்லும். ஆனால் 4 முக்கியமான கேள்விகளுக்கு அந்த எண்ணில் பதில் இருக்காது.

1. முகவரி உண்மையானதா, வெற்றுச் சீட்டா?
2. அங்கே எவ்வளவு இடம் இருக்கிறது?
3. அந்த இடம் யாருக்குச் சொந்தம்? வேலை முடிந்ததும் காலி செய்ய வேண்டியது யார்?
4. அந்த முகவரி எதுவரை செல்லும்?

மொழிக்கு மொழி உள்ள வித்தியாசம் எல்லாம், இந்த 4 கேள்விக்கு யார் பதில் சொல்வது என்பதில்தான் இருக்கிறது.

*ஒரே மாதிரி பாயிண்டர், நேர்மாறான விதி!*

மூன்றாவது கேள்விக்கு ஓர் உதாரணம். பிரவுசரில் ஒரு இணையதளத்தின் பெயரை டைப் செய்தால், அதை எண் முகவரியாக மாற்ற வேண்டும். அதற்குப் பழைய சி வழி 'கெட்-ஹோஸ்ட்-பை-நேம்'. புதிய வழி 'கெட்-அட்ர்-இன்ஃபோ'. இரண்டுமே விடையை பாயிண்டராகத்தான் தருகின்றன.

முதலாவது தரும் இடம் லைப்ரரிக்கே சொந்தம். அதை நீங்கள் காலி செய்யக் கூடாது. அடுத்த முறை அழைத்தால் பழைய விடை அழிந்து புதியது அதே இடத்தில் உட்காரலாம். இரண்டாவது தரும் இடம் உங்கள் பொறுப்பு. அதற்கென்றே உள்ள தனி அழைப்பை வைத்து நீங்கள்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஒன்றில் காலி செய்தால் தப்பு. இன்னொன்றில் காலி செய்யாவிட்டால் தப்பு. பாயிண்டரைப் பார்த்து இந்த விதியைக் கண்டுபிடிக்க முடியாது. கையேட்டைப் படித்தவருக்குத்தான் தெரியும்.

*கெர்னல் சரிபார்க்காதா?*

சரிபார்க்கும். ஆனால் ஓரளவுக்குத்தான்.

ஆப் கொடுக்கும் முகவரியை லினக்ஸ் கெர்னல் அப்படியே நம்பிவிடாது. அது அந்த ஆப்புக்கு ஒதுக்கப்பட்ட பகுதிதானா என்று பார்த்து, அதற்கென உள்ள தனி வழியில்தான் தகவலை நகலெடுக்கும். முகவரி தப்பு என்றால் 'தவறான முகவரி' என்ற பிழை எண் 14ஐத் திருப்பி அனுப்பும்.

ஆனால் இரண்டாவது கேள்வியில் கெர்னலால் முழுசாக உதவ முடியாது. 100 பைட் இடத்தை ஒதுக்கிவிட்டு '4,096 பைட் போடு' என்று நீங்கள் சொன்னால்? பக்கத்து இடமும் உங்கள் ஆப்புக்குச் சொந்தம் என்றால் கெர்னல் மறுபேச்சு இல்லாமல் எழுதிவிடும். பக்கத்தில் இருந்த உங்கள் சொந்தத் தகவலே அழியும்.

இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது. கோயில் வாசலில் செருப்பு விட்டால் டோக்கன் தருவார்கள் இல்லையா? செருப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. கெர்னலும் தன் உள்விஷயங்களின் முகவரியை ஆப்பிடம் கொடுப்பதில்லை, டோக்கன் நம்பர்தான் கொடுக்கும். லினக்ஸில் கோப்பு திறந்தால் 3, 4, 5 என்று சின்ன எண் கிடைக்கும். 0, 1, 2 ஆகியவை உள்ளீடு, வெளியீடு, பிழைச் செய்தி ஆகியவற்றுக்கு வழக்கமாக ஒதுக்கப்பட்டவை. விண்டோஸில் இதே டோக்கனின் பெயர் 'ஹேண்டில்'. போலி டோக்கனை நீட்டினால் 'செல்லாது' என்று பதில் வரும், மெமரி கெடாது.

இந்தக் காவல் எல்லாம் வெளியில் இருந்து வரும் ஆப்களுக்குத்தான். கெர்னலுக்குள்ளேயே இருக்கும் டிரைவர் தப்பு செய்தால் தடுக்க ஆள் இல்லை. ஆப்பில் தப்பு நடந்தால் ஆப் மட்டும் மூடும். கெர்னலில் நடந்தால் மொத்த கம்ப்யூட்டரும் நிற்கும். ஜூலை 19 அன்று நீலத் திரை வந்ததற்கு இதுதான் காரணம்.

சரி, ஒவ்வொரு மொழியும் என்ன செய்கிறது?

*சி: எல்லாம் உங்கள் பொறுப்பு*

சி மொழியில் பாயிண்டர் வெளிப்படையாக இருக்கும். கூட்டலாம், கழிக்கலாம், எந்த எண்ணையும் முகவரி என்று சொல்லலாம். 4 கேள்விக்கும் பதில் புரோகிராமரின் தலைக்குள் இருக்க வேண்டும். வேகம் அதிகம், பாதுகாப்பு குறைவு.

2014 ஏப்ரலில் வெளியான 'ஹார்ட்பிளீட்' பிரச்னை இதற்குப் பெரிய சாட்சி. உலகின் ஏராளமான இணையதளங்கள் பயன்படுத்திய ஓப்பன்-எஸ்எஸ்எல் லைப்ரரி, சி மொழியில் எழுதப்பட்டது. 'நான் அனுப்பிய செய்தியைத் திருப்பி அனுப்பு, அதன் நீளம் இவ்வளவு' என்று வெளியாள் சொன்னால், அந்த நீளத்தைச் சரிபார்க்காமல் நம்பியது. சின்ன செய்தியை அனுப்பிவிட்டு பெரிய நீளத்தைச் சொன்னால், பக்கத்து மெமரியில் இருந்த பாஸ்வேர்டு, ரகசியச் சாவி எல்லாம் சேர்ந்து ஒரு முறைக்கு 64 கேபி வரை வெளியே போனது. இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லாததன் விலை இது.

*சி பிளஸ் பிளஸ்: காவலாளி உண்டு, வாசல் வரை*

2011இல் வந்த சி பிளஸ் பிளஸ் தரத்தில் 'ஸ்மார்ட் பாயிண்டர்கள்' சேர்க்கப்பட்டன. ஒரு இடத்துக்கு ஒரே உரிமையாளர் என்பது ஒரு வகை. பலர் பகிர்ந்துகொண்டு, கடைசி ஆள் போகும்போது காலி செய்வது இன்னொரு வகை. மூன்றாவது கேள்விக்கு இது நல்ல பதில்.

ஆனால் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு ஸ்மார்ட் பாயிண்டர் புரியாது. எல்லைக்கு வந்ததும் உறையைப் பிரித்து உள்ளே இருக்கும் வெற்று முகவரியைத்தான் நீட்ட வேண்டும். அதன் பிறகு நிலைமை சி போலத்தான்.

*ஜாவா, சி ஷார்ப்: வீடே இடம் மாறும்!*

1995இல் வந்த ஜாவா, புரோகிராமரின் கையில் பாயிண்டரைத் தரவே இல்லை. பட்டியலைத் தாண்டிப் போனால் உடனே பிழை சொல்லும். தேவையில்லாத இடத்தைக் 'கார்பேஜ் கலெக்டர்' தானே காலி செய்யும்.

இதில் ஒரு திருப்பம். கார்பேஜ் கலெக்டர் இடத்தை ஒழுங்கு செய்யும்போது தகவல்களை வேறு இடத்துக்கு மாற்றி வைக்கும். ஜாவாவுக்குள் இருப்பவர்களுக்கு இது தெரியாது, புதிய முகவரியை மொழியே பார்த்துக்கொள்ளும். ஆனால் ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் முகவரியைக் கொடுத்த பிறகு வீடு மாறிவிட்டால்? போஸ்ட்மேன் பழைய வீட்டில் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போவார். நான்காவது கேள்வி இங்கே பெரிதாகிறது.

ஜாவாவின் பழைய வழியான ஜேஎன்ஐ, சி புரோகிராமுக்கு ஜாவா பொருளின் முகவரியைத் தராமல் டோக்கன் போன்ற ஒன்றைத் தருகிறது. பட்டியலின் உள்ளே இருப்பது வேண்டும் என்றால் ஒன்று நகல் கிடைக்கும், அல்லது அந்த இடம் நகராமல் நிறுத்தி வைக்கப்படும். வேலை முடிந்ததும் 'திருப்பித் தந்துவிட்டேன்' என்று சொல்ல வேண்டும். சி ஷார்ப் மொழியிலும் இதே போல இடத்தை 'பின்' அடித்து நிறுத்தும் வசதி இருக்கிறது. ஹேண்டில்களைத் தவறாமல் மூடுவதற்கு 'சேஃப் ஹேண்டில்' என்ற தனி உறையும் உண்டு.

2024 மார்ச்சில் வந்த ஜாவா 22, புதிய வழியை நிரந்தரமாக்கியது. இதில் ஒவ்வொரு முகவரியோடும் அதன் அளவும் ஆயுளும் சேர்ந்தே பயணிக்கும். சி பக்கமிருந்து ஒரு முகவரி வந்தால் ஜாவா என்ன செய்யும் தெரியுமா? 'அங்கே எவ்வளவு இடம் என்று எனக்குத் தெரியாது, அதனால் அளவு பூஜ்ஜியம்' என்று வைத்துக்கொள்ளும். அதைப் படிக்க வேண்டுமானால், 'இத்தனை பைட் இருக்கிறது, நான் பொறுப்பு' என்று புரோகிராமர் தனியாகச் சொல்ல வேண்டும். தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாத நேர்மை இது.

*பைத்தான்: ஈஸிதான், ஆனா கவனம்!*

கல்லூரி முதல் ஏஐ ஆய்வகம் வரை பைத்தான்தான். பைத்தானில் சி லைப்ரரியை நேரடியாக அழைக்க 'சி-டைப்ஸ்' என்ற கருவி இருக்கிறது. 2006இல் பைத்தான் 2.5 பதிப்போடு சேர்க்கப்பட்டது. இரண்டு வரியில் வேலை முடிந்துவிடும்.

ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. அழைக்கும் சி ஃபங்ஷன் என்ன திருப்பித் தரும் என்று நீங்கள் சொல்லாவிட்டால், சாதாரண முழு எண் என்று சி-டைப்ஸ் எடுத்துக்கொள்ளும். அது 32 பிட். இன்றைய முகவரியோ 64 பிட். அதாவது, 10 இலக்க செல்போன் நம்பரில் கடைசி 5 இலக்கத்தை மட்டும் எழுதிக் கொடுத்த கதை. சில கம்ப்யூட்டர்களில் முகவரி சின்ன எண்ணாக இருந்தால் தற்செயலாக வேலை செய்துவிடும். டெவலப்பரின் லேப்டாப்பில் ஓடும், வாடிக்கையாளரிடம் போனதும் விழும்.

அப்படி விழும்போது பைத்தானின் வழக்கமான பிழைச் செய்திகூட வராது. பைத்தானையே ஆபரேட்டிங் சிஸ்டம் மூடிவிடும். எல்லையைத் தாண்டிய பிறகு நீங்கள் எழுதுவது பைத்தான் போலத் தெரியும் சி.

*கோ: 'பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடு'*

2009இல் கூகுள் அறிமுகம் செய்த கோ மொழியில் பாயிண்டர் உண்டு, அதைக் கூட்டிக் கழிக்க வழக்கமான வழியில் அனுமதி இல்லை. கார்பேஜ் கலெக்டரும் உண்டு. கோ-வில் 'ஸ்டாக்' என்ற தற்காலிகப் பகுதி வளரும்போது அதில் உள்ளவை இடம் மாறும்.

அதனால் 2016இல் வந்த கோ 1.6 பதிப்பு, சி பக்கம் பாயிண்டரைக் கொடுப்பதற்கு எழுத்துப்பூர்வமாக விதி போட்டது. அழைப்பு முடியும்வரை பார்க்கலாம், முடிந்த பிறகு சி பக்கம் அதைப் பத்திரப்படுத்தி வைத்துக்கொள்ளக் கூடாது. கொடுக்கும் இடத்துக்குள் இன்னொரு கோ பாயிண்டர் ஒளிந்திருக்கவும் கூடாது. விதியை மீறினால், ஓடும்போதே ஓரளவு கண்டுபிடித்து புரோகிராமை நிறுத்தும்.

கெர்னல் நீண்ட நேரம் வைத்திருக்க வேண்டிய சூழலும் உண்டு. 'இப்போது கேட்டு வைக்கிறேன், தகவல் வரும்போது இந்த இடத்தில் போட்டுவிடு' என்று சொல்லிவிட்டு ஆப் வேறு வேலை பார்க்கும் முறையில் இது சகஜம். அதற்காகவே 2023இல் கோ 1.21 பதிப்பு, இடத்தை நகராமல் நிறுத்தி வைக்கும் 'பின்னர்' வசதியைத் தந்தது.

*ரஸ்ட்: கையெழுத்து போட்டால்தான் அனுமதி*

2015 மே மாதம் முதல் நிலையான பதிப்பு வந்த ரஸ்ட், பெரும்பாலான கேள்விகளை புரோகிராம் ஓடுவதற்கு முன்பே கேட்கிறது. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரே உரிமையாளர். கடன் வாங்கிப் பார்க்கலாம், ஆனால் உரிமையாளர் போன பிறகு கடன் செல்லாது. விதி மீறினால் கம்பைலர் புரோகிராமை உருவாக்கவே விடாது. பட்டியலின் நீளம் முகவரியோடு சேர்ந்தே வரும். கார்பேஜ் கலெக்டர் கிடையாது.

ஆபரேட்டிங் சிஸ்டத்தின் எல்லையில் ரஸ்ட்டும் வெற்று முகவரிக்கு இறங்கித்தான் ஆக வேண்டும். அதைத் திறந்து படிக்க 'அன்சேஃப்' என்ற வார்த்தைக்குள் எழுத வேண்டும். 'இந்த இடத்துக்கு நான் ஜவாப்தாரி' என்று புரோகிராமர் போடும் கையெழுத்து அது. பிரச்னை வந்தால் பல லட்சம் வரிகளைத் தேட வேண்டாம், கையெழுத்து உள்ள இடங்களில் இருந்து தொடங்கினால் போதும். 2025 பிப்ரவரியில் வந்த ரஸ்ட் 1.85, '2024 எடிஷன்' என்ற புதிய விதித் தொகுப்பைக் கொண்டுவந்தது. அதன்படி, வெளி மொழியின் ஃபங்ஷன்களை அறிவிக்கும் இடத்திலேயே அந்த 'அன்சேஃப்' கட்டாயம்.

முதல் கேள்விக்கும் அழகான விடை இருக்கிறது. வெற்றுச் சீட்டாக இருக்கலாம் என்றால் 'ஆப்ஷன்' என்ற உறையில் போட்டுத்தான் தர வேண்டும். பிரித்துப் பார்க்காமல் பயன்படுத்த முடியாது. மெமரியில் அது எடுக்கும் இடம் சாதாரண பாயிண்டர் அளவேதான், கூடுதல் செலவு இல்லை.

*ஒரே பார்வையில்...*

• சி: நான்கு கேள்விக்கும் பதில் புரோகிராமரிடம்.
• சி பிளஸ் பிளஸ்: உரிமையை மொழி பார்த்துக்கொள்ளும். எல்லையில் வெற்று முகவரி.
• ஜாவா, சி ஷார்ப்: உள்ளே முகவரியே தெரியாது. எல்லையில் நகல், டோக்கன் அல்லது பின்.
• பைத்தான்: உள்ளே பாதுகாப்பு. சி-டைப்ஸில் வகையைச் சொல்லாவிட்டால் ஆபத்து.
• கோ: கொடுக்கலாம், ஆனால் வைத்துக்கொள்ளக் கூடாது.
• ரஸ்ட்: கம்பைலரின் கண்காணிப்பு. எல்லையில் கையெழுத்து கட்டாயம்.

*ரஸ்ட்டில் எழுதியிருந்தால் ஜூலை 19 நடந்திருக்காதா?*

அப்போது சமூக வலைதளங்களில் அதிகம் பேசப்பட்ட கேள்வி இது. 'ஆமாம்' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது.

20 உள்ள பட்டியலில் 21ஆவதைக் கேட்டால், ரஸ்ட்டின் வழக்கமான முறை குப்பை முகவரியைப் படிக்காது. உடனே நிறுத்தும். ஆனால் கெர்னலுக்குள் 'உடனே நிறுத்தம்' என்பதும் கம்ப்யூட்டர் நிற்பதில் போய் முடியலாம். 'அப்படி ஒன்று இல்லை என்றால் என்ன செய்வது?' என்பதையும் யாராவது யோசித்து எழுதியிருக்க வேண்டும். மொழி கேள்வியைக் கேட்கும், பதிலை மனிதர்தான் எழுத வேண்டும்.

க்ரவுட்ஸ்ட்ரைக் ஆகஸ்ட் 6 அன்று வெளியிட்ட ஆய்வறிக்கையும் இதையே காட்டுகிறது. பட்டியலின் எல்லையைச் சரிபார்க்கும் வரிகளைச் சேர்த்தார்கள். எத்தனை தகவல் என்ற எண்ணிக்கை பொருந்துகிறதா என்று முன்கூட்டியே சோதிக்கும் ஏற்பாடு செய்தார்கள். இனி அப்டேட்டை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாமல் கட்டம் கட்டமாக அனுப்புவோம் என்றார்கள். கடைசி மாற்றத்துக்கும் பாயிண்டருக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அது மட்டும் அன்றே இருந்திருந்தால் பாதிப்பு பெருமளவு குறைந்திருக்கும்.

*உலகம் என்ன செய்கிறது?*

தங்கள் தயாரிப்புகளில் ஆண்டுதோறும் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் மெமரி தொடர்பானவை என்று மைக்ரோசாஃப்ட் 2019இல் சொன்னது. 2024 பிப்ரவரியில் அமெரிக்க வெள்ளை மாளிகையின் சைபர் பிரிவே, மெமரி பாதுகாப்பு உள்ள மொழிகளுக்கு மாறும்படி நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டு அறிக்கை வெளியிட்டது.

ஆண்ட்ராய்டில் பலன் கண்ணுக்குத் தெரிகிறது. 2019இல் அதன் பாதுகாப்பு ஓட்டைகளில் 76 சதவீதம் மெமரி தொடர்பானவை. 2024இல் அது 24 சதவீதம் என்கிறது கூகுள். பழைய சி வரிகளை எல்லாம் அழித்து எழுதவில்லை. புதிதாக எழுதுவதை ரஸ்ட், ஜாவா, கோட்லின் போன்ற பாதுகாப்பான மொழிகளில் எழுதினார்கள். லினக்ஸ் கெர்னலும் 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பில் ரஸ்ட்டுக்குக் கதவைத் திறந்தது.

பாதுகாப்பு மென்பொருளைக் கெர்னலுக்கு வெளியே இயக்க வழி செய்வதாக மைக்ரோசாஃப்ட் 2024 நவம்பரில் அறிவித்தது. டிரைவர் என்ற பெயரில் எல்லைக்கு உள்ளே இருந்தவர்களை வெளியே உட்கார வைத்து, வாசல் வழியாகப் பேசச் சொல்லும் முயற்சி இது. ஆப்பிள் 2019இல் வந்த மேக் பதிப்பிலிருந்தே இந்தப் பாதையில் போகத் தொடங்கிவிட்டது.

*சரி, இதில் நமக்கு என்ன?*

நீங்கள் கோடிங் படிக்கும் மாணவர் என்றால் ஒரு விஷயம். 'என் மொழி சேஃப், அதனால் பாயிண்டர் தெரியத் தேவையில்லை' என்று விட்டுவிடாதீர்கள். அந்தப் பாதுகாப்பு எல்லை வரைக்கும்தான். சி லைப்ரரியையோ ஆபரேட்டிங் சிஸ்டத்தையோ தொடும்போது, 'இருக்கிறதா, எவ்வளவு, யாருடையது, எதுவரை' என்ற 4 கேள்வியைக் கேட்டுப் பழகுங்கள். இன்டர்வியூவிலும் உதவும், வேலையிலும் உதவும்.

சாதாரணப் பயனர் என்றால், போனில் வரும் செக்யூரிட்டி அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். அதில் அடைக்கப்படும் ஓட்டைகளில் பல, யாரோ எங்கோ தவறாக எழுதிய ஒரு முகவரியால் வந்தவை. அலுவலக கம்ப்யூட்டர்களை நிர்வகிப்பவர் என்றால், அப்டேட்டை முதலில் நான்கைந்து கம்ப்யூட்டர்களில் போட்டுப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு அனுப்புங்கள். கையால் எழுதிய போர்டிங் பாஸ் ஒரு நாள் வேடிக்கையாக இருக்கலாம். அறுவை சிகிச்சை தள்ளிப்போன நோயாளிக்கு அது வேடிக்கை கிடையாது.